13-1லிருந்து 2-10க்கு: ஃபுளோரிடா ஸ்டேட் அணியின் 2024, நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

டாலஹாசி தஞ்சாவூரான்

டாலஹாசி ஊரில் இருக்கும் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி 2023இல் 13 வெற்றி, 1 தோல்வி; 2024இல் 2 வெற்றி, 10 தோல்வி. நானே தொடங்குகிறேன். டாலஹாசியில் இருந்தவர்கள், எதிரணிப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவர்கள், யாராக இருந்தாலும் அந்த ஆண்டில் சந்தித்த ஒரு மனிதரைப் பற்றி எழுதுங்கள். ஸ்கோர் எல்லோருக்கும் தெரியும், மனிதர்களைத்தான் தெரியாது.

2022இல் பிஎச்.டி.க்காக இந்த ஊருக்கு வந்தேன். இங்கே இருக்கும் தேசிய உயர் காந்தப்புல ஆய்வகத்தில்தான் என் வேலை. ஃபுட்பால் என்றால் நம்ம ஊர் கால்பந்து என்று நினைத்துக்கொண்டுதான் முதல் ஆட்டத்துக்குப் போனேன். போன இடத்தில் அப்பலூசா குதிரை மேல் ஒருவர் எரியும் ஈட்டியோடு பாய்ந்து வந்து மைதானத்தின் நட்ட நடுவில் அதைக் குத்தினார். கூட்டம் எழுந்து நின்று ஒரே குரலில் இரைந்தது. எனக்கு எங்கள் ஊர்த் தேர் நிலையை விட்டு நகரும் நொடி ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து நான் நோல்ஸ் ஆள். இந்த அணியின் செல்லப்பெயர் அது.

2023 சீசனில் கடைசி ஆட்டம் தவிர எல்லாமே ஜெயித்தோம். நவம்பர் 18 அன்று நார்த் அலபாமாவுக்கு எதிரான ஆட்டத்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்குக் கால் முறிந்தது. அவ்வளவு பெரிய ஸ்டேடியம் அப்படி அடங்கிப் போனதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவர் இல்லாமலும் ஜெயித்து 13-0 என்று எங்கள் கான்ஃபரன்ஸின், அதாவது நாங்கள் ஆடும் கல்லூரிக் குழுவின், சாம்பியன் ஆனோம். ஆனால் தேசியப் பட்டத்துக்காக அப்போது நான்கு அணிகள் மட்டும் ஆடிய பிளேஆஃபில் இடம் கொடுக்கவில்லை. ஒரு தோல்வி கண்டிருந்த அலபாமாவுக்கு நான்காம் இடம், நமக்கு ஐந்தாம் இடம். மனம் வெறுத்துப் பல வீரர்கள் ஒதுங்கிக்கொண்ட நிலையில், சீசன் முடிவில் நடக்கும் ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றோம். அந்த அணியிலிருந்து பத்துப் பேரை என்எஃப்எல் தொழில்முறை லீக் அணிகள் எடுத்துக்கொண்டன. அப்படியும் 2024 தொடங்கும்போது தரவரிசையில் பத்தாவது இடம் கொடுத்திருந்தார்கள். நம்பினோம்.

டப்ளினில் ஜார்ஜியா டெக்கிடம் 24-21. லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள்) ராத்திரி சொந்த மண்ணில் பாஸ்டன் காலேஜிடம் 28-13. அடுத்து மெம்ஃபிஸிடம் 20-12. மூன்றும் தோல்வி. நம் கோச் மைக் நோர்வெல் இங்கே வருவதற்கு முன் வளர்த்துவிட்ட அதே மெம்ஃபிஸ். கலிஃபோர்னியாவை 14-9 என்று ஒருவழியாக வென்றோம்.

அக்டோபர் 5, கிளெம்சன் ஆட்டம். எங்கள் துறையில் ஒருவர், பல வருடமாக சீசன் டிக்கெட் வாங்குபவர், "என்னால் இதைப் பார்க்க முடியாது, நீ போ" என்று தன் டிக்கெட்டை என்னிடம் கொடுத்துவிட்டார். மாணவர் பகுதியை விட்டு முதல் முறையாகப் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கையில் எண்பதை நெருங்கிய ஒரு தாத்தா. மடியில் சிறிய கோடு போட்ட நோட்டு, காதோரம் பென்சில். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் பக்கம் நீட்டினார். வேகவைத்த கடலை! தோலோடு, உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட. வடக்கு ஃபுளோரிடாவில் சாலையோரம் அண்டாவில் வேகவைத்து விற்கிறார்கள் என்று தெரியும், ஆனால் அதுவரை வாங்கித் தின்றதில்லை. நான் தோலை அழுத்தித் தண்ணீரை உறிஞ்சிவிட்டுக் கடலையை எடுத்ததைப் பார்த்து, "உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார். "எங்க பாட்டி" என்றேன். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசுவதை நிறுத்தவேயில்லை.

ஒவ்வொரு முறை பந்து நம் கைக்கு வரும்போதும் ஒரு வரி எழுதுவார். எத்தனை கஜம், எப்படி முடிந்தது. பந்தை உதைத்து எதிரணிக்கே கொடுத்துவிட்டால் ஒரு சின்ன வட்டம். பக்கம் முழுக்க வட்டம். கோலப் புள்ளி மாதிரி இருந்தது. 29-13 என்று தோற்றோம். ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதியிலேயே பக்கத்து வரிசைகள் காலியாகத் தொடங்கிவிட்டன. "நீங்க கிளம்பலையா சார்?" என்று கேட்டேன்.

"1973இல் பதினொரு ஆட்டம் ஆடினோம், பதினொன்றும் தோற்றோம். அடுத்த வருஷம் ஒன்றே ஒன்று ஜெயித்தோம். ரெண்டு வருஷமும் நான் பாதியில் எழுந்து போனதில்லை. இப்போது மட்டும் ஏன் போகணும்?" என்றார்.

1976இல் பாபி பவுடன் கோச்சாக வந்தார். 1987 முதல் 2000 வரை பதினான்கு வருடம் தொடர்ந்து நாட்டின் முதல் ஐந்து அணிகளுக்குள் இருந்தோம், அதில் 1993இலும் 1999இலும் தேசியப் பட்டம். இதை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முந்தைய இரண்டு வருடத்தைச் சொல்ல ஓர் ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

டப்ளின் மருமகள்

தம்பி, முதல் தோல்வியை நான் நேரில் பார்த்தேன். அவீவா ஸ்டேடியம், ஆகஸ்ட் 24. என் தம்பி ஜார்ஜியா டெக்கில் எம்.எஸ். முடித்தவன். "அக்கா, எங்க காலேஜ் உங்க ஊருக்கு வருது, நீ போயே ஆகணும்" என்று அட்லாண்டாவிலிருந்து நச்சரித்தான். விதி ஒன்றும் தெரியாது, அவன் சொன்னதற்காகப் போனேன்.

லான்ஸ்டவுன் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் எங்கும் உங்கள் ஆட்கள். மாதுளை முத்து நிறமும் தங்க நிறமுமாகச் சட்டை. ரயிலில் என் எதிரே ஓர் அம்மா, அவருடைய மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை உட்கார்ந்திருந்தது. கணவர் இறந்து ஆறு மாதம் ஆகிறது, இரண்டு பேரும் சேர்ந்து அயர்லாந்து வரவேண்டும் என்று முன்பே டிக்கெட் எடுத்து வைத்திருந்தார்கள், அவருடைய இடத்தில் பேத்தியைக் கூட்டிவந்தேன் என்று அந்த அம்மா சொன்னார். தாத்தாவின் தொப்பியைத்தான் அந்தக் குழந்தை போட்டிருந்தது. காது வரை இறங்கி நின்றது.

ஆட்டம் 21-21. கடைசி நொடியில் ஜார்ஜியா டெக் பையன் 44 கஜத்திலிருந்து பந்தை உதைத்தான், கம்பங்களுக்கு நடுவே போய்விட்டது. முடிந்தது. என் தம்பி போனில் கத்துகிறான். எனக்குச் சந்தோஷப்பட மனசு வரவில்லை. திரும்பும்போது பிளாட்பாரத்தில் அவர்களை மறுபடி பார்த்தேன். குழந்தை அழுதுகொண்டிருந்தது. அந்த அம்மா அழவில்லை. தொப்பியைச் சரிசெய்துவிட்டு, "இன்னும் பதினொரு ஆட்டம் இருக்கு கண்ணு" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அந்தப் பதினொன்றும் எப்படிப் போனது என்று பிறகு தம்பி சொல்லித்தான் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் அவனிடம் கேட்பேன், "அந்த அணி ஜெயிச்சுதாடா?"

கில்லர்ன் அப்பா

நான் டாலஹாசியில் மாநில அரசுத் துறை ஒன்றுக்கு கான்ட்ராக்டில் வேலை செய்பவன். என் பையனுக்கு அப்போது பத்து வயது. எனக்கு ஃபுட்பாலில் ஆர்வமில்லை, அவனுக்காகத்தான்.

ஹெலீன் புயல் வந்த வாரம். நேராக டாலஹாசி மேல்தான் ஏறும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். குளியல் தொட்டி நிறைய தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, பூஜை அறைப் படங்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, மேற்கே அலபாமா பக்கம் காரில் கிளம்பினோம். செப்டம்பர் 26 ராத்திரி, புயல் சற்றுக் கிழக்கே விலகி பெர்ரி ஊருக்குப் பக்கத்தில் கரை ஏறியது. நாங்கள் தப்பினோம், அந்தப் பக்கத்து ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. டாலஸில் சனிக்கிழமை ஆட்டம் என்பதால் அணியையும் முன்கூட்டியே ஊரைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

28ஆம் தேதி ராத்திரி, திரும்பி வரும் வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றோம். உள்ளே டிவியில் எஸ்எம்யூ அணியோடு நம் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் சீர்செய்யப் போகும் லைன்மேன்கள் நாலைந்து பேர், வெளி மாநிலத்துக்காரர்கள், நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நோல்ஸ் சட்டை போட்ட என் பையனைப் பார்த்து ஒருவர், "உன் வீட்டில் கரன்ட் இருக்கா?" என்று கேட்டார். "தெரியலை, போய்த்தான் பார்க்கணும்" என்றான். "உன் அணிக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. கரன்டைப் பார்த்துக்கறேன்" என்றார். 42-16 என்று தோற்ற ஆட்டம் அது. வீட்டுக்கு வந்து சுவிட்சைத் தட்டினோம், எரிந்தது. பையன் அந்த லைன்மேனைத்தான் இன்றுவரை பேசுகிறான், ஆட்டத்தை இல்லை.

சவுத் பெண்ட் குளிர்

நோட்ரே டாமில் போஸ்ட்டாக் செய்துகொண்டிருந்தேன். நவம்பர் 9. நாங்கள் 52, நீங்கள் 3. கடைசிவரை உங்கள் ரசிகர்கள் ஒரு சின்னக் கூட்டமாக ஒரு மூலையில் நின்றிருந்தார்கள். ஆட்டம் முடிந்து வீரர்கள் உள்ளே போகும்போது அவர்களில் ஒருவர் ஒவ்வொரு வீரரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கை தட்டினார். ஒருவரையும் விடவில்லை. எங்கள் வெற்றியில் எனக்கு நினைவிருப்பது அது மட்டும்தான்.

டர்ஹம் வாசகன்

நண்பர்களே, மனம் கனக்கிறது. ஆனாலும் காரணத்தைப் பேசாமல் போக முடியாது. நான் டியூக் பல்கலைக்கழகப் பக்கம். எங்கள் அணி உங்களை அதுவரை ஒருமுறைகூட வென்றதில்லை. அக்டோபர் 18 அன்று 23-16 என்று வென்றோம். அன்று உங்கள் தடுப்பாட்டம் மோசமில்லை. பந்து கையில் இருக்கும்போதுதான் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள்.

2023 அணி பெரும்பாலும் வேறு காலேஜ்களிலிருந்து டிரான்ஸ்ஃபரில் வந்த தேர்ந்த வீரர்களால் ஆனது. அவர்கள் போனதும் கீழே வளர்ந்து வந்தவர்கள் போதவில்லை. மறுபடி வெளியிலிருந்தே எடுத்தார்கள். கிளெம்சனிலும் ஓரிகன் ஸ்டேட்டிலும் ஆடிய டி.ஜே. உயாகலலேவை குவார்ட்டர்பேக்காகக் கொண்டுவந்தார்கள். அவருக்கு முன்னால் நின்று காக்கவேண்டிய வரிசையே சரிந்தது, பிறகு கையில் அடியும் பட்டது. முதல் பத்து ஆட்டங்களில் ஒன்றில்கூட 21 புள்ளியைத் தாண்டவில்லை நீங்கள். விதை நெல்லை வருடா வருடம் சந்தையில் வாங்கினால் ஒரு வருடம் பொய்க்கத்தானே செய்யும்?

டாலஹாசி தஞ்சாவூரான்

டர்ஹம் அண்ணா, ஒப்புக்கொள்கிறேன். நோட்ரே டாம் ஆட்டத்துக்கு மறுநாளே ஆடம் ஃபுல்லர், அலெக்ஸ் அட்கின்ஸ் என்று இரண்டு கோஆர்டினேட்டர்களையும் (தடுப்பாட்டம், தாக்குதல் ஆட்டம் இரண்டுக்குமான துணை கோச்சுகள்), பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களின் கோச்சையும் அனுப்பிவிட்டார்கள். தலைமை கோச் இருந்தார். அவர்களை மட்டும் அனுப்பியது நியாயமா என்று இன்றும் எனக்குக் கேள்விதான். அப்போது ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல் சம்பளம் வாங்கியவர்தான் முதலில் பொறுப்பு என்பது என் கருத்து.

கடைசி ஆட்டம் நவம்பர் 30, ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் கேட்டர்ஸ் அணியோடு. பங்காளிச் சண்டை. நான் தாத்தா பக்கத்தில் இடம் தேடி டிக்கெட் வாங்கினேன். மேற்குப் பக்கத்தை அப்போது இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவருடைய சொந்த இருக்கை அங்கேதான் இருந்ததாம். கட்டி முடித்ததும் திரும்பக் கொடுப்பார்கள், அதுவரை இங்கே விருந்தாளி என்றார். 31-11 என்று தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பையன்கள் தங்கள் கொடியை மைதான நடுவில் நட வந்தார்கள். எரியும் ஈட்டி குத்துகிற அதே இடம். கைகலப்பு ஆனது, நோர்வெல் கொடியைப் பிடுங்கி எறிந்தார். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. தாத்தா பென்சிலைக் கீழே வைக்கவில்லை. 31-11 என்று எழுதி, கீழே தேதி போட்டு, நோட்டை மூடினார்.

அடுத்த ஆண்டு முதல் ஆட்டம், 2025 ஆகஸ்ட் 30, அலபாமா. நமக்கு வாய்ப்பே இல்லை என்றார்கள். முந்தைய ஆண்டு லேபர் டே ராத்திரி பாஸ்டன் காலேஜுக்காக ஆடி நம்மைத் தோற்கடித்த தாமஸ் காஸ்டெலானோஸ்தான் அந்த ஆண்டு நம் குவார்ட்டர்பேக். 31-17 என்று ஜெயித்தோம். ஜனங்கள் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் கொட்டினார்கள். அந்த சீசனும் 5-7 என்றுதான் முடிந்தது, அதை இன்னொரு நாள் பேசலாம்.

நான் மைதானத்துக்குள் இறங்கவில்லை. மேற்குப் பக்கம் ஏறிப் போய் அவரைத் தேடினேன். புது இருக்கையில், கால் நீட்ட வசதியாக உட்கார்ந்திருந்தார். மடியில் புது நோட்டு. கை நடுக்கம் அதிகமாகியிருந்தது, பென்சில் நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும் நோட்டை நீட்டி, "நீ எழுது" என்றார்.

31-17 என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப என்னிடமே நீட்டினார்.

"தேதி போடலையே."

போட்டேன்.