வேலந்தாவளம் அருகே கல்குவாரி: கருத்துக்கேட்பில் எதைக் கேட்பது?

கேள்வி:
எங்கள் ஊர் கேரளத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி இருக்கிறது. புதிதாக வரவிருக்கும் கல்குவாரிக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்துள்ளார்கள். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டறிக்கையின் சுருக்கம் மலையாளத்தில் மட்டுமே கிடைத்தது; அதில் பாதிப்பு ஏதும் பெரிதாக இல்லை என்றே எழுதியிருக்கிறார்கள். கூட்டத்தில் நாங்கள் எதை வற்புறுத்த வேண்டும்?

பதில் 1:
முதலில் அறிக்கையிலுள்ள வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். குவாரியைச் சுற்றி 10 கி.மீ. வரையான பகுதியை ஆய்வு செய்வதுதான் வழக்கம் என்பதால், உங்கள் இடத்தில் அந்த வட்டத்தின் ஒரு பகுதி கோவை மாவட்டத்துக்குள் விழும். அங்குள்ள கிணறுகளும் குடியிருப்புகளும் கணக்கில் வராமல் கோடு எல்லையிலேயே நின்றிருந்தால், அதை எழுத்துமூலம் கேளுங்கள். நிலத்தடி நீர் சோதனைச்சாவடியைப் பார்த்து நின்றுவிடுவதில்லை.

எல்லைத் தொலைவையும் பாருங்கள். மாநில எல்லையோ தேசியப் பூங்காவோ 5 கி.மீ.க்குள் இருந்தால், திட்டத்தை மாநில அளவில் அல்லாமல் மத்திய அரசே மதிப்பிட வேண்டும் என்பது பொது விதி. அதன்படிதான் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்து நியூட்ரினோ ஆய்வகத்தின் அனுமதியை, கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கி.மீ.க்குள் இருக்கிறது என்ற காரணத்தால் 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்தி வைத்தது. 2018-இல் மத்திய அமைச்சகம் மீண்டும் அனுமதி தந்தது என்பது வேறு கதை.

பதில் 2:
மேலே சொன்ன தொலைவு விதியை அப்படியே நம்பிவிட வேண்டாம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006 அறிவிக்கையின் அந்தப் பொது நிபந்தனையில் சிறு கனிமங்களுக்கு (கட்டுமானக் கல்லும் இதில் சேரும்) விலக்குகள் உண்டு. உங்கள் வழக்கில் வலுவானது நீர்மட்டக் கணக்குதான். மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் அளவீடு போதும் என்று விதி சொல்வதால், டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள், அதாவது இரண்டு மழைகளும் முடிந்து கிணறு நிறைந்திருக்கும்போது, அளந்துவிட்டு வருவார்கள். சித்தூரின் கிழக்குப் பகுதி மழை குறைந்த நிலம். ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் எத்தனை அடியில் நின்றது என்பதை ஊர்க்காரர்களே குறித்து, கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று: பக்கத்தில் வேறு குவாரிக் குத்தகைகள் இருக்கின்றனவா? இரண்டின் விளிம்புகளுக்கு இடையே 500 மீட்டருக்கும் குறைவாக இருந்தால் ஒரே தொகுப்பாகச் சேர்த்து மதிப்பிட வேண்டும் என்பது 2016 ஜனவரி அறிவிக்கையின் விதி. முழு மதிப்பீட்டிலிருந்து தப்ப 5 ஹெக்டேருக்குள் துண்டு போட்டுக் குத்தகை எடுப்பதன் சூட்சுமம் இதில்தான் உடையும்.

பதில் 3:
மொழியைப் பொறுத்தவரை, 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம். ஆட்சேபத்தைத் தமிழில் கொடுத்து ஒப்புகைச்சீட்டு வாங்குங்கள். கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்று எதுவும் இல்லை, நாலு பேர் வந்தாலும் நடத்தி முடித்துவிடுவார்கள். நடவடிக்கைக் குறிப்பை முடிவில் வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கும்வரை எழுந்து போகாதீர்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. தெற்கே பழைய குவாரியொன்று இருக்கிறது. வேலிக்கு வேலி அளந்தால் 300 மீட்டர்கூட வராது. அறிக்கைச் சுருக்கத்தில் அதன் பேச்சே இல்லை.