பராமரிப்புக் காப்பீடு: ஜெர்மனியில் ரொக்கம் உண்டு, ஜப்பானில் ஏன் இல்லை?

கேள்வி:
ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் முதியோர் பராமரிப்புக்குக் கட்டாயக் காப்பீடு கொண்டுவந்தன. ஜெர்மனியில் பெற்றோரை வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொண்டால் மாதாமாதம் பணம் கிடைக்கிறது. ஜப்பான் அதை ஏன் சேர்க்கவில்லை? குடும்பத்தின் கைக்குப் பணம் வருவது நல்லதுதானே?

பதில் 1:
பணம் குடும்பத்துக்கு வரும், வேலை யார் தலையில் விழும் என்று பாருங்கள். ஜப்பானில் மாமியார், மாமனாரைப் பார்ப்பது மருமகளின் கடமையாக இருந்தது. ரொக்கம் கொடுத்தால் அந்தக் கட்டு இன்னும் இறுகும், வெளியில் சேவைகளும் வளராது என்று பெண்கள் அமைப்புகள் வாதாடின. நியாயமான வாதம். அதனால் அங்கே சேவை மட்டும்தான்: வீட்டுக்கு வரும் உதவியாளர், பகல்நேர மையம், சில நாள் தங்கல். செலவில் 10 சதவீதம் பயனாளி கட்ட வேண்டும். வருமானம் கூடுதலென்றால் 20 அல்லது 30. எந்த நாளில் எந்தச் சேவை என்று கேர் மேனேஜர் திட்டம் போட்டுத் தருவார், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. சந்தா 40 வயதில் தொடங்கும்.

பதில் 2:
ஜெர்மனியில் ரொக்கம் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். எவ்வளவு உதவி தேவை என்பதை வைத்து ஐந்து நிலைகள் உண்டு. 2025 தொகைப்படி 3ஆம் நிலைக்கு ரொக்கம் மாதம் 599 யூரோ. அதே நபருக்கு நிறுவனம் மூலம் ஆள் வந்தால் 1,497 யூரோ வரை காப்பீடு கட்டும். அப்படியும் வீட்டில் பராமரிப்பு பெறுவோரில் பாதிக்கு மேல் ரொக்கத்தை மட்டுமே எடுக்கிறார்கள். கலந்தும் வாங்கலாம்: சேவையில் 60 சதவீதம் எடுத்தால் ரொக்கத்தில் 40 சதவீதம், அதாவது 239.60 யூரோ.

சிக்கல் வருவது, இந்த நிலையை முடிவுசெய்யும் மதிப்பீட்டில். 100 புள்ளியில் 47.5 முதல் 70க்குள் வந்தால்தான் 3ஆம் நிலை. மதிப்பீட்டாளர் வரும் நாளில் பெரியவர்கள் கௌரவத்துக்காக "நானே குளிச்சுக்குவேன்" என்பார்கள், புள்ளி போய்விடும். எதற்கெல்லாம் கை கொடுக்க வேண்டியிருக்கிறது என்று இரண்டு வாரம் எழுதிவையுங்கள். பார்த்துக்கொள்பவர் அன்று கட்டாயம் கூட இருக்க வேண்டும். முடிவு சரியில்லையென்றால் ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் கொடுக்கலாம். பணம் விண்ணப்பித்த மாதத்திலிருந்துதான் கணக்கு, ஆகவே காகிதம் சேரும்வரை காத்திருக்காமல் முதலில் விண்ணப்பியுங்கள்.

பதில் 3:
முதியோர் இல்லத்தில் சேர்ப்பதானால் இரண்டு நாடுகளிலும் கைக்காசு போகும். ஜப்பானின் பொதுநல முதியோர் இல்லங்கள் 2015 முதல் பொதுவாக அந்நாட்டு அளவில் 3ஆம் நிலை அல்லது அதற்கு மேல் இருப்போரைத்தான் புதிதாகச் சேர்க்கின்றன. ஜெர்மனியில் 3ஆம் நிலைக்குக் காப்பீடு மாதம் 1,319 யூரோ கட்டும். மீதிப் பராமரிப்புச் செலவும் உணவும் அறை வாடகையும் நம்முடையது. கட்ட முடியாதபோது சமூக உதவி வரும். அதற்காகப் பிள்ளைகளிடம் கை நீட்டுவது, 2020 முதல், அவர்களின் ஆண்டு வருமானம் 1,00,000 யூரோவைத் தாண்டினால் மட்டுமே.