அமெரிக்காவில் கல்வி ஆய்வுக்கும் அயல்மொழிப் படிப்புக்கும் கூட்டரசு நல்கை: யார், எதற்கு விண்ணப்பிக்கலாம்?

தென்றல்_ஆய்வு:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கல்வியியல் முனைவர் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் வந்தவள். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் எவ்வாறு வாசிக்கக் கற்கிறார்கள் என்பதே என் ஆய்வுப்பொருள். என்னுடன் படிக்கும் தோழி அமெரிக்கக் குடிமகள். அவர் தமிழ் கற்று, பின்னர் தமிழ்நாட்டில் களப்பணி செய்ய விரும்புகிறார். கல்வித் துறை, வெளியுறவுத் துறை, தேசிய அறிவியல் அறக்கட்டளை என்று பல இடங்களில் நிதி உள்ளதாகச் சொல்கிறார்கள். ஆனால் அறிவிப்புகளைப் படித்தால் எங்கள் இருவரில் யாருக்கு எது பொருந்தும் என்பது விளங்கவில்லை. ஃபுல்பிரைட் என்ற பெயரே இரண்டு மூன்று திட்டங்களில் வருகிறது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நல்கைமேசை:

பல்கலைக்கழக ஆய்வு அலுவலகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் சொல்கிறேன். எந்த அறிவிப்பை எடுத்தாலும் தொகையையும் தலைப்பையும் பார்ப்பதற்கு முன் ‘தகுதியுள்ள விண்ணப்பதாரர்’ என்ற பகுதியைப் படியுங்கள். பணம் நிறுவனத்துக்கா, மாணவருக்கா, நிறுவனத்தின் கைவழியாக மாணவருக்கா என்பது அங்கேதான் இருக்கும். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

உங்கள் ஆய்வுப்பொருளுக்கு முதலில் நினைவுக்கு வருவது, 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான, கல்வித் துறையைச் சேர்ந்த கல்வி அறிவியல் நிறுவனம், அதாவது ஐஇஎஸ். அது மாணவருக்கு நேராகப் பணம் தருவதில்லை. பல்கலைக்கழகமே விண்ணப்பிக்க வேண்டும், முதன்மை ஆய்வாளராக ஒரு பேராசிரியர் இருப்பார், நீங்கள் அவருடைய திட்டத்தில் ஆய்வு உதவியாளராக இடம்பெறலாம். மேலும், ஐஇஎஸ் எதிர்பார்ப்பது அமெரிக்கப் பள்ளிகளில் படிக்கும் மாணவரின் கல்வி அடைவுகள் பற்றிய சான்றுகளை. ‘தமிழ்க் குழந்தைகளின் மொழி அடையாளம்’ என்று எழுதினால் மதிப்பீட்டாளர்கள் அதைத் தொடவும் மாட்டார்கள். ‘வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைகளின் ஆங்கில வாசிப்புத் திறனை எந்தக் காரணிகள் முன்னுணர்த்துகின்றன’ என்று கேட்டால் அதே தரவு, அதே குழந்தைகள், ஆனால் கேள்வி அவர்களுடைய எல்லைக்குள் வந்துவிடுகிறது. முன்னர் நல்கை பெற்ற திட்டங்களின் சுருக்கங்கள் அவர்களுடைய தளத்தில் உள்ளன. அறிவிப்பை மூன்று முறை படிப்பதைவிட அச்சுருக்கங்களில் பத்தைப் படிப்பது பயன் தரும் என்பது என் கருத்து.

உங்கள் பெயரும் இடம்பெறக்கூடிய வழி ஒன்று உண்டு. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் மொழியியல் பிரிவு முனைவர் பட்ட ஆய்வு மேம்பாட்டு நல்கை வழங்கி வந்துள்ளது. நெறியாளர் முதன்மை ஆய்வாளராகவும் மாணவர் இணை ஆய்வாளராகவும் இருக்க, பல்கலைக்கழகம் அனுப்பும் விண்ணப்பம் அது. மாணவரின் குடியுரிமை அங்கே தடையன்று. அதே அறக்கட்டளையின் பட்டதாரி ஆய்வு உதவித்தொகை குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மொழிப்பாலம்:

தோழியின் பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன். 1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா அலறியடித்து இயற்றிய 1958-ஆம் ஆண்டுத் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் ஆறாம் பகுதிதான் இந்த மொழி நல்கைகளின் வேர். அது பின்னர் 1980-இல் உயர்கல்விச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டது. மொழி படிக்க ஏன் பாதுகாப்பின் பெயரால் பணம் வந்தது என்று வியப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அதன்கீழ் வருவது அயல்மொழி மற்றும் வட்டார ஆய்வு உதவித்தொகை. ஃப்ளாஸ் என்றே எல்லோரும் அழைப்பார்கள். கல்வித் துறை பல்கலைக்கழக மையங்களுக்கு நிதி ஒதுக்கும், மையங்கள் தங்கள் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும். எனவே தோழி வாஷிங்டனுக்கு எழுத வேண்டியதில்லை, தம் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மையத்தைக் கேட்க வேண்டும். 2022-இல் தொடங்கிய சுற்றில் பட்டமேற்படிப்பு மாணவருக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 20,000 டாலரும் கல்விக் கட்டணத்துக்கு 18,000 டாலரும் என்று இருந்தது. குடிமக்கள், நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள் மட்டுமே தகுதியுடையவர்கள் என்பதால் தென்றல் அவர்களுக்கு இது பொருந்தாது.

ஃபுல்பிரைட் குழப்பம் நியாயமானதே. 1946-இல் தொடங்கிய ஃபுல்பிரைட் பரிமாற்றத் திட்டம் வெளியுறவுத் துறையுடையது. 1961-ஆம் ஆண்டு ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டத்தை ஒட்டிக் கல்வித் துறை நடத்தி வந்தது முனைவர் பட்ட வெளிநாட்டு ஆய்வு உதவித்தொகை. ஆறு முதல் பன்னிரண்டு மாதக் களப்பணிக்கு உரியது, மேற்கு ஐரோப்பாவுக்குக் கிடையாது, மாணவர் எழுதினாலும் பல்கலைக்கழகமே சமர்ப்பிக்க வேண்டும். மூன்றாவதாக ஃபுல்பிரைட்-நேரு. அதில் முனைவர் பட்ட ஆய்வுப் பிரிவு இந்தியக் கல்வி நிறுவனத்தில் பதிவு செய்துள்ள இந்தியர்களுக்கானது. அமெரிக்காவிலேயே படிக்கும் தென்றல் அவர்கள் அதற்கும் விண்ணப்பிக்க முடியாது.

அயல்மொழி கற்க அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியில் வழங்கப்படும் போரென் உதவித்தொகையும் உண்டு. ஆனால் அதை ஏற்பவர் குறைந்தது ஓராண்டு கூட்டரசுப் பணியில் சேரக் கடமைப்பட்டவர். தமிழ்நாட்டுக் கிராமத்துக்குக் களப்பணிக்குப் போகிறவர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியில் வந்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளத் தயாரா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழை மட்டும் தீவிரமாகப் படிக்க நினைத்தால், இந்தியவியல் அமெரிக்க நிறுவனம் மதுரையில் நடத்தும் வகுப்புகள் மிக நல்ல இடம்.

தென்றல்_ஆய்வு:

இருவருக்கும் மிக்க நன்றி. தோழி இதைப் படித்துவிட்டு, இவ்வாண்டே ஃப்ளாஸுக்கும் ஃபுல்பிரைட்-ஹேஸுக்கும் விண்ணப்பிக்கலாமா என்று கேட்கிறார். எங்கள் மையத்தின் பக்கத்தில் பழைய கெடு தேதியே இருக்கிறது.

நல்கைமேசை:

பழைய தேதி இருப்பதற்குக் காரணம் உண்டு. 2025 மார்ச்சில் கல்வித் துறையின் பணியாளர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் குறைக்கப்பட்டபோது, இந்த மொழித் திட்டங்களை நடத்திய அலுவலகம் ஏறக்குறைய முழுவதும் காலியானது. ஐஇஎஸ்ஸிலும் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே எஞ்சினர். அவ்வாண்டின் ஃபுல்பிரைட்-ஹேஸ் போட்டி கைவிடப்பட்டது. ஃப்ளாஸ் மையங்களுக்கும் வரவேண்டிய நிதி வரவில்லை. சட்டம் ஏட்டில் இருப்பது வேறு, அவ்வாண்டு ஒதுக்கீடும் அறிவிப்பும் வெளிவருவது வேறு. ஆகவே மேலே சொன்ன தொகைகளை நம்பி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம் என்று தோழியிடம் சொல்லுங்கள். ஃபெடரல் ரெஜிஸ்டர் என்னும் கூட்டரசு அரசிதழிலும், நல்கைகளுக்கு விண்ணப்பிக்கும் கிராண்ட்ஸ் டாட் கவ் தளத்திலும் புதிய அறிவிப்பு வந்தால்தான் போட்டி உண்டு. வெளியுறவுத் துறையின் ஃபுல்பிரைட் வேறு துறையுடையது என்பதால் அதைத் தனியாகப் பார்க்கலாம்.

அறிவிப்பு வந்தால் ஒரு நடைமுறைச் செய்தி. கல்வித் துறையின் கெடு பெரும்பாலும் கிழக்கு நேரப்படி இரவு 11:59:59. கிராண்ட்ஸ் டாட் கவ் வழியாக அனுப்பும்போது முதலில் ‘பெறப்பட்டது’ என்று ஒரு மின்னஞ்சல் வரும். அதைப் பார்த்துவிட்டு உறங்கப் போய்விடாதீர்கள். அதன் பிறகு ‘சரிபார்க்கப்பட்டது’ அல்லது ‘பிழைகளால் நிராகரிக்கப்பட்டது’ என்று இரண்டாவது வரும். நிராகரிப்புச் செய்தி நள்ளிரவுக்குப் பின் வந்தால் திருத்தி அனுப்ப வழியில்லை. கூட்டரசு நிதி பெறும் நிறுவனங்கள் பதிவு செய்யும் சாம் டாட் கவ் தளத்தில் பல்கலைக்கழகத்தின் பதிவு காலாவதியாகியிருந்தாலும் இதே கதைதான். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நம்மைப் போன்ற ஆய்வு அலுவலகங்கள் கெடுவுக்கு ஐந்து வேலை நாட்களுக்கு முன்பே வரவுசெலவுத் திட்டத்தைக் கேட்பது அதனால்தான். உங்கள் நெறியாளரிடம் இந்த வாரமே பேசுங்கள். ஐஇஎஸ்ஸோ அறிவியல் அறக்கட்டளையோ, எதுவாயினும் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் வரப்போவது அவருடைய பெயர்.