புதுப்பிப்பு: உபுண்டு 24.04 ஆப்ட் எச்சரிக்கை தீர்ந்தது

உபுண்டு லினக்ஸில் மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட்டின் 'ஆப்ட் அப்டேட்' கட்டளை, 'ஒரே களஞ்சியம் (மென்பொருள்களை இறக்கும் இடம்) பலமுறை அமைக்கப்பட்டுள்ளது' என்று புலம்புவதாகப் போன வாரம் எழுதியிருந்தேனே, தப்பு என்னுடையதுதான். 24.04-இல் எந்தக் களஞ்சியங்களைப் பார்ப்பது என்ற விவரமெல்லாம் சோர்சஸ்.லிஸ்ட்.டி அடைவில் உள்ள உபுண்டு.சோர்சஸ் கோப்புக்குப் போய்விட்டது. நான் பழக்கதோஷத்தில் அதே களஞ்சியங்களைப் பழைய சோர்சஸ்.லிஸ்ட்டிலும் ஒட்டியிருந்தேன். நீக்கியதும் சத்தம் அடங்கியது.

உபுண்டுவுடையது அல்லாத வெளிக் களஞ்சியங்களுக்கு இனி அதே அடைவில் ஆளுக்கொரு கோப்பு. பெயரில் இடைவெளி கூடாது, முடிவில் .லிஸ்ட் அல்லது .சோர்சஸ் இல்லாவிட்டால் ஆப்ட் அதைச் சீண்டவே சீண்டாது. (.டிஎக்ஸ்டி என்று முடித்துவிட்டு ஒரு மணி நேரம் முழித்தேன்!) .சோர்சஸ் வடிவமே எனக்கு வசதி: தற்காலிகமாக நிறுத்த 'எனேபிள்ட்: நோ' என்ற ஒரு வரி போதும், சைன்ட்-பை வரியில் அந்தக் களஞ்சியத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியை மட்டும் காட்டலாம்.