ஞாயிறு ஆட்டக் குழு: டிராவலர் துணைநூல்களில் எவை வேண்டும்?

கவின் (காலை 7:12)
பெரியப்பா, வணக்கம். அடுத்த மாதம் முதல் விடுதி நண்பர்கள் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு டிராவலர் என்ற, வேடமேற்றுப் பகடை உருட்டி ஆடும் விண்வெளிக் கதையாட்டத்தை ஆடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். கதையை நடத்தும் ரெஃபரி பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். 1977-இல் வந்த மூன்று கறுப்பு விதிப் புத்தகங்களும் மின்நூலாக என்னிடம் இருக்கின்றன. அவற்றுக்குப் பின் வந்த 13 துணைநூல்களையும் வாங்கிவிடலாமா, சிலவற்றை மட்டும் வாங்கினால் போதுமா? கைச்செலவுப் பணத்தில்தான் வாங்க வேண்டும் என்பதால் கேட்கிறேன்.

பெரியப்பா (காலை 7:41)
மிக்க மகிழ்ச்சி, கவின். மொத்தமாக வாங்காதே. 1978-க்கும் 1983-க்கும் இடையில் அந்த 13 நூல்களும் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றும் வெவ்வேறு குறையை நிரப்ப வந்தது. உனக்கு எந்தக் குறை வரும் என்பது நான்கு வாரம் ஆடினால்தான் தெரியும். இப்போதே எல்லாவற்றையும் வாங்கினால் படித்துக்கொண்டே இருப்பாய், ஆட்டம் தொடங்காது. இதை அனுபவித்தவன் என்பதால் சொல்கிறேன்.

அத்தை (காலை 7:55)
கவின், வாழ்த்துகள். என்னைக் கேட்டால் ஒன்றுகூட வாங்க வேண்டாம் என்பேன். மூன்றாம் புத்தகத்தில் கிரகங்களை உண்டாக்கும் முறை முழுமையாக இருக்கிறது. முதலில் வந்த அந்த மூன்று நூல்களோடு ஆயத்தமான உலகம் எதுவும் தரப்படவில்லை. ரெஃபரி தன்னுடைய விண்வெளியைத் தானே பகடை உருட்டி வரைந்துகொள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அந்த உரிமையை ஏன் முதல் நாளே விட்டுக்கொடுக்க வேண்டும்?

பெரியப்பா (காலை 8:20)
அத்தை சொல்வதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த உரிமைக்கு ஆகும் உழைப்பையும் சொல்லிவிட வேண்டும். ஒரு சப்செக்டார் என்பது விண்வெளி வரைபடத்தின் ஒரு பகுதி, அகலத்தில் 8, நீளத்தில் 10 என்று 80 அறுகோணக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பகடை உருட்டி, 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அங்கே ஓர் உலகம் உண்டு என்று குறித்துக்கொள்ள வேண்டும். சராசரியாக 40 உலகங்கள் தேறும். பிறகு ஒவ்வொன்றுக்கும் விண்துறைமுகம், பருமன், காற்று, நீர், மக்கள்தொகை, அரசு, சட்டம், தொழில்நுட்பம் என்று தனித்தனியாக உருட்ட வேண்டும். நான் முதன்முறை செய்தபோது இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் முழுதாகப் போயின, நோட்டில் பாதி தீர்ந்தது. அவ்வளவும் செய்து முடித்தபின் எங்கள் குழு அந்த 40-இல் ஆறு உலகங்களைத்தான் எட்டியது, ஏனென்றால் ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஒவ்வொரு தாவலுக்கும் ஆட்டக் கணக்கில் ஒரு வாரம் ஆகிவிடுகிறது.

1979-இல் வந்த மூன்றாம் துணைநூலான ஸ்பின்வார்ட் மார்ச்சஸ் இந்த உழைப்பை 16 சப்செக்டார்களுக்குச் செய்து, 439 உலகங்களை ஒரு மெல்லிய புத்தகத்தில் அடக்கித் தருகிறது. நான் வாங்கிய துணைநூல்களில் மிக அதிகமாகக் கைபட்டுக் கசங்கியது அதுதான்.

கவின் (காலை 8:31)
439 உலகங்களைப் பற்றியும் விவரம் இருக்கிறதா, பெரியப்பா? அப்படியென்றால் எல்லாவற்றையும் நான் படித்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்காதா?

பெரியப்பா (காலை 8:52)
இல்லை. அதுதான் அந்த நூலின் அருமை. பெரும்பாலான உலகங்களுக்கு ஒரே ஒரு வரிதான். ரெஜைனா என்ற உலகத்துக்கு ஏ788899 என்று போட்டிருக்கும். இதை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார். ஏ என்றால் முதல் தரமான விண்துறைமுகம், அங்கே விண்மீன்களுக்கிடையே செல்லும் கப்பலையே கட்ட முடியும். 7 என்றால் விட்டம் சுமார் 7,000 மைல், நம் பூமியைவிடச் சற்றுச் சிறியது. அடுத்த 8 அடர்ந்த காற்றைக் குறிக்கிறது. அதற்கடுத்த 8, நிலப்பரப்பில் எண்பது விழுக்காடு நீர் என்பதைக் குறிக்கிறது. மூன்றாவது 8 மக்கள்தொகை, அதாவது பத்துக் கோடிகளில். முதல் 9 என்பது முகம் தெரியாத அதிகாரிகள் நடத்தும் அலுவலக ஆட்சி. கடைசி 9 சட்டத்தின் கடுமை. வீட்டைத் தாண்டி எந்த ஆயுதமும் எடுத்துச் செல்லக் கூடாது.

இத்தனையும் ஏழு இடங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. உன் நண்பர்கள் துப்பாக்கியோடு அங்கே இறங்கினால் என்ன நடக்கும் என்று எந்த நூலிலும் நீ தேட வேண்டியதில்லை. சுங்கச் சாவடியில் வரிசை, படிவம், முத்திரை, அடுத்த சன்னலுக்குப் போகச் சொல்லும் ஊழியர் எல்லாம் அந்த இரண்டு ஒன்பதுகளிலிருந்து தாமாகவே வந்துவிடும்.

நிலா அக்கா (காலை 9:15)
அப்பா, ஒரு திருத்தம். நீரின் அளவு நிலப்பரப்பில் அல்ல, கிரகத்தின் மேற்பரப்பில் எண்பது விழுக்காடு.

பெரியப்பா (காலை 9:17)
சரியாகச் சொன்னாய், நிலா. மேற்பரப்பு என்றே எழுதியிருக்க வேண்டும்.

அத்தை (காலை 9:30)
அண்ணா, அந்த ஒரு வரி மட்டும் இருக்கும் வரையில் எனக்கு மறுப்பில்லை. நான் அஞ்சுவது அதற்கு நேர்மாறான நூல்களை. ஒரே உலகத்தை நூறு பக்கங்களுக்கு விவரிக்கும் ஒரு நூலை வைத்துக்கொண்டு நீங்கள் நடத்திய ஆட்டம் நினைவிருக்கிறதா? துறைமுக அதிகாரியிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நீங்கள் அவருடைய பெயரைத் தேடிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தீர்கள். வீடியோ அழைப்பில் காகிதம் திரும்பும் ஓசை மட்டும் கேட்டது. நான் எழுந்துபோய் காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தபோதும் நீங்கள் தேடிக்கொண்டுதான் இருந்தீர்கள்.

பெரியப்பா (காலை 9:48)
நன்றாக நினைவிருக்கிறது. எந்த நூல் என்பதைச் சொல்ல வேண்டாம், எழுதியவர் உழைத்துத்தான் எழுதியிருந்தார். தவறு என்னுடைய பயன்பாட்டில் இருந்தது. ஒரு வாரம் அதைப் படித்து மகிழ்ந்தேன், ஆட்டத்துக்கும் அதே மகிழ்ச்சி கிடைக்கும் என்று நம்பினேன். நூலில் எழுதியிருப்பதற்கு மாறாக எதையும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் வந்தவுடன் என் வாய் அடைத்துப் போனது. அன்றிலிருந்து ஒரு துணைநூலை எடுத்தால், ஆட்டத்தின் நடுவே அதைத் திறந்து, ஒரு நிமிடத்துக்குள் மூடிவிட முடியுமா என்றுதான் முதலில் பார்க்கிறேன். கவின், நீயும் வாங்குவதற்கு முன் மாதிரிப் பக்கங்களை இந்தக் கண்ணோடு பார்.

கவின் (காலை 10:05)
புரிகிறது, பெரியப்பா. அப்படிப் பார்த்தால் 1001 கேரக்டர்ஸ் பயன்படுமா? பெயரைப் பார்த்தாலே வெறும் பட்டியல் என்று தோன்றுகிறது.

பெரியப்பா (காலை 10:26)
வெறும் பட்டியல்தான், ஆனால் ரெஃபரிக்குப் பட்டியல்தான் உயிர். டிராவலரில் ஒரு கேரக்டரை உருவாக்க, அவர் கடற்படையிலோ வணிகக் கப்பலிலோ பணியாற்றிய ஆண்டுகளை நான்கு நான்காகப் பகடையில் நடத்த வேண்டும். பழைய விதிப்படி ஆட்டம் தொடங்கும் முன்பே அவர் பணியில் இறந்துபோகவும் கூடும். உன் நண்பர்கள் தங்களுக்காக இதைச் செய்யும்போது அது ஒரு தனி ஆட்டம்போலச் சுவையாக இருக்கும். ஆனால் மதுக்கடையில் எதிரே உட்கார்ந்திருக்கும் முன்னாள் படைவீரருக்காக நீ பத்து நிமிடம் பகடை உருட்டினால் எல்லோரும் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். 1978-இல் வந்த அந்த முதல் துணைநூலைத் திறந்து, விரல் பட்ட வரியை எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

1979-இல் வந்த சிட்டிசன்ஸ் ஆஃப் தி இம்பீரியம் வேறு வகையில் உதவும். முதல் புத்தகத்தில் இருப்பவை ஆறு தொழில்கள், அவையும் பெரும்பாலும் படை சார்ந்தவை. இது மருத்துவர், விஞ்ஞானி, தூதர், விண்கற்களில் தாது தோண்டுபவர், கடற்கொள்ளையர் என்று மேலும் 12 தொழில்களைத் தருகிறது. உன் நண்பர்களில் யாராவது படைவீரர் வேடம் வேண்டாம் என்றால் அன்றே வாங்கிக்கொள். அனிமல் என்கவுண்டர்ஸ் எனக்கு அதிகம் பயன்படவில்லை, நாங்கள் துறைமுகத்தை விட்டுக் காட்டுக்குள் போனதே அரிது.

நிலா அக்கா (காலை 11:02)
கப்பலைப் பற்றி யாருமே பேசவில்லையே. துணைநூல் வரிசையில் சேராவிட்டாலும் ஐந்தாம் புத்தகமான ஹை கார்ட் எனக்கு மிகவும் பிடித்தது. தம்பி, உன் குழுவில் பொறியியல் மாணவர்கள் இருந்தால் கட்டாயம் அதைக் காட்டு. கவசம், எரிபொருள், ஆயுதம், எஞ்சின் என்று டன் கணக்கில் கூட்டிக் கழித்து ஒரு கப்பலை வடிவமைப்பது, ஆட்டமில்லாத நாள்களிலும் தனியாக உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை.

அதன் விதிகளை வைத்து 1981-இல் வந்த டிரில்லியன் கிரெடிட் ஸ்குவாட்ரன் என்ற நூல், ஆட்டப் பணமான கிரெடிட்டில் ஒரு லட்சம் கோடி செலவில் ஒரு போர்க்கப்பல் அணியைக் கட்டச் சொல்கிறது. அந்த ஆண்டு அமெரிக்காவில் நடந்த போட்டியில் டக்ளஸ் லெனாட் என்ற கணினி அறிஞர் தம்முடைய யூரிஸ்கோ என்ற நிரலை அந்த விதிகளுக்குள் ஓடவிட்டு, அது பரிந்துரைத்த அணியைக் கொண்டுவந்து வென்றார். மற்றவர்கள் பெரிய, நேர்த்தியான கப்பல்களோடு வந்திருக்க, அவருடைய அணியில் கனத்த கவசத்தோடு மெதுவாக நகரும் கப்பல்கள் ஏராளமாக இருந்தன. அடுத்த ஆண்டு விதிகளை மாற்றினார்கள். 1982-இலும் அவரே வென்றார். எனக்கு இது செயற்கை நுண்ணறிவு வரலாற்றின் மிக அழகான பக்கங்களில் ஒன்று.

பெரியப்பா (காலை 11:20)
எனக்கும்தான், நிலா. ஆனால் கவினுக்கு ஒரு வார்த்தை: அந்தப் போட்டியில் வென்றது கப்பல் அணி, அங்கே கதை தேவைப்படவில்லை. உன் ஐந்து நண்பர்களும் ஒரே கப்பலில் இருக்கப் போகிறார்கள். சண்டை வந்தால் எல்லோரும் நிலாவின் கணக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டி வரும். ஹை கார்டை வீட்டில் வைத்துக் கப்பலைக் கட்டு, ஆட்டத்தன்று இரண்டாம் புத்தகத்தின் எளிய விதிகளே போதும்.

கவின் (பகல் 12:10)
எல்லாம் குறித்துக்கொண்டேன். ஆனால் என் பெரிய கவலை வேறு, பெரியப்பா. நண்பர்கள் கப்பலில் ஏறி உட்கார்ந்து "இப்போது என்ன செய்வது?" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

பெரியப்பா (பகல் 12:45)
முதலில் அவர்களைக் கடனில் உட்கார வை. அதற்கு எந்தத் துணைநூலும் வேண்டாம், இரண்டாம் புத்தகமே போதும். 200 டன் ஃப்ரீ டிரேடர் கப்பலின் விலை 3 கோடியே 70 லட்சத்து 80 ஆயிரம் கிரெடிட். வங்கிக் கடனில் வாங்கினால் விலையில் 240-இல் ஒரு பங்கை மாதந்தோறும், 480 மாதங்களுக்குக் கட்ட வேண்டும். மாதத் தவணை 1,54,500. நாற்பது ஆண்டுத் தவணை தலைமேல் இருப்பவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள், சரக்கு தேடி அலைவார்கள், அறியாத ஆள் கொடுக்கும் வேலையையும் ஏற்பார்கள்.

அந்த அறியாத ஆளுக்காகத்தான் 1980-இல் வந்த 76 பேட்ரன்ஸ். கவின், ஒரே ஒரு துணைநூலுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதை வாங்கு. பேட்ரன் என்றால் வேலை கொடுப்பவர். ஒவ்வொரு பேட்ரனுக்கும் முதலில் ஆடுபவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இருக்கும். அதற்குக் கீழே ரெஃபரிக்கு மட்டும், உண்மையில் நடப்பது என்ன என்பதற்கு எண்ணிட்ட சில விடைகள் இருக்கும். பகடையை உருட்டினால் அன்றைய உண்மை கிடைக்கும்.

நூலில் உள்ளதைச் சொன்னால் நிலாவும் அத்தையும் படித்துவிடுவார்கள் என்பதால், அதே முறையில் நானே எழுதியதைச் சொல்கிறேன். ஒரு மூதாட்டி ஒரு மரப்பெட்டியை அடுத்த உலகத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். வழக்கமான கூலிக்கு இரண்டு மடங்கு தருகிறார். பெட்டியைத் திறக்கக் கூடாது. 1 விழுந்தால் உள்ளே கணவரின் அஸ்தி, வேறொன்றுமில்லை. 2 விழுந்தால் அஸ்தியோடு அவர் மறைத்து வைத்த நிலப்பத்திரம். 3 விழுந்தால் பெட்டி காலி, உண்மையான சரக்கு வேறு கப்பலில் போகிறது, இவர்கள் கண்கட்டு. இப்படி ஆறு வரை.

அத்தை (பகல் 1:08)
கவின், அந்த ஆட்டத்தில் நான் இருந்தேன். விழுந்தது 1. ஆட்ட நேரத்தில் மூன்று வாரம் நாங்கள் அந்தப் பெட்டியைக் காவல் காத்தோம். ஸ்கேனர் வைத்துப் பார்த்தோம், ஒருவரையொருவர் சந்தேகப்பட்டோம். கடைசியில் அந்த அம்மாள் ஏரிக்கரையில் பெட்டியைத் திறந்தபோது அழைப்பில் ஒருவரும் பேசவில்லை. துணைநூல்களைப் பற்றி நான் காலையில் சொன்னதில் இந்த ஒன்றை விலக்கி வைத்துக்கொள்.

கவின் (பகல் 1:15)
அப்படியென்றால் என் முடிவு இது. 76 பேட்ரன்ஸை இன்றே வாங்குகிறேன். ஸ்பின்வார்ட் மார்ச்சஸை இப்போது வாங்கவில்லை. அத்தை சொன்னபடி முதல் ஐந்தாறு உலகங்களை மட்டும் நானே உருட்டிக்கொள்கிறேன். நண்பர்கள் அவற்றைத் தாண்டிப் போகத் தொடங்கினால் வாங்கிக்கொள்ளலாம் அல்லவா?

பெரியப்பா (பகல் 1:22)
தாராளமாக. முதல் உலகத்தை இப்போதே உருட்டி இங்கே போடு, பார்க்கலாம்.

கவின் (பகல் 1:50)
உருட்டிவிட்டேன்: பி430654. இரண்டாம் தரத் துறைமுகம். விட்டம் 4,000 மைல். மிக மெல்லிய காற்று, சுவாசக் கருவி இல்லாமல் வெளியே நடக்க முடியாது. நீர் பூச்சியம். ஆனாலும் பத்து லட்சங்களில் மக்கள் இருக்கிறார்கள். அரசு 5 என்றால் தொழில்நுட்பத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் குறுநில மன்னர்களைப்போல ஆள்வது. சட்டம் 4. இங்கே ஒரு துளி நீர்கூட இல்லையென்றால் இவ்வளவு பேர் எப்படி வாழ முடியும்? மறுபடி உருட்டட்டுமா?

அத்தை (பகல் 1:53)
மறுபடி உருட்டாதே. அங்கே தண்ணீர் செய்யும் இயந்திரம் யாருடைய வீட்டில் இருக்கிறது?

கவின் (பகல் 2:20)
மூன்று குடும்பங்களிடம், அத்தை. அவற்றில் ஒரு குடும்பத்தின் இயந்திரம் நேற்று இரவு நின்றுவிட்டது. அதை வெளியில் தெரியாமல் பழுதுபார்க்க வெளியுலக ஆள்கள் வேண்டும் என்று அந்த வீட்டுப் பெண் துறைமுகத்தில் காத்திருக்கிறாள். ஒன்று முதல் ஆறு வரை எழுத உட்காரப் போகிறேன்.