மறு: அரைச்சேக்கல் – 'தலைக்காசு' என்று சொல்லலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். பழங்கால யூதர்கள் ஆலயத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்த அரைச்சேக்கல் வெள்ளிக்குத் தமிழில் என்ன சொல் என்று மூன்று நாளாக ஓடும் இந்த இழையை இன்று காலைதான் முழுதாகப் படித்தேன். ஒரு பக்கம் 'வரி', இன்னொரு பக்கம் 'காணிக்கை' என்று இழுபறியாக இருக்கிறது. எனக்கு இரண்டிலும் ஒப்புதல் இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

> 'கோயில் வரி' என்றே போட்டுவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறு எதுவோ புரியும். விவிலியத்தின் யாத்திராகமம் 30-ஆம் அதிகாரத்தில் இது மக்களை எண்ணும்போது வருகிறது. 20 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வோர் ஆணும் அரைச்சேக்கல் வெள்ளி தர வேண்டும். ஒரு சேக்கல் 20 கேரா, ஆகவே இது 10 கேரா. பணக்காரன் கூடுதலாகத் தரக்கூடாது, ஏழை குறைத்துத் தரக்கூடாது. இரண்டாவதை எந்த அரசும் சொல்லும். முதலாவதைச் சொல்லும் வரியை நான் பார்த்ததில்லை.

அந்தப் பணம் எங்கே போனது என்பதற்கு 38-ஆம் அதிகாரத்தில் கணக்கே இருக்கிறது. எண்ணப்பட்டவர்கள் 6,03,550 பேர். தலைக்கு அரை என்றால் 3,01,775 சேக்கல். 3,000 சேக்கல் ஒரு தாலந்து, ஆக 100 தாலந்தும் மிச்சம் 1,775 சேக்கலும். அந்த 100 தாலந்தை உருக்கி, வழிபாட்டுக் கூடாரத்தைத் தாங்கும் 100 பாதங்களை வார்த்தார்கள், பாதத்துக்கு ஒரு தாலந்து. மிச்சம் தூண்களின் கொக்கிகளுக்கும் பூண்களுக்கும் போயிற்று. பொன்னும் நீல நூலும் ஆட்டுத்தோலும் மனமுவந்து கொடுத்தவர்களிடமிருந்து வந்தவை. அதில் ஒருவர் அள்ளிக் கொடுக்கலாம், இன்னொருவர் கிள்ளிக் கொடுக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் தாங்கி மண்ணோடு கிடந்த பாதம் ஒவ்வொன்றிலும் 6,000 பேரின் வெள்ளி ஒன்றாய் உருகிக் கிடந்தது. அதில் எந்தத் துளி யாருடையது? நம் கோயில் டியூப்லைட் மாதிரி 'உபயம்: இன்னார்' என்று எழுத அங்கே இடமே இல்லை.

> அப்படியானால் 'காணிக்கை'. பழைய தமிழ் விவிலியமே அப்படித்தான் சொல்கிறது.

சொல்கிறது, மறுக்கவில்லை. எபிரேயத்திலும் 'தெருமா', அதாவது உயர்த்தி எடுத்து வைத்தது, என்ற சொல்தான் அங்கே இருக்கிறது. ஆனால் இன்றைய தமிழில் காணிக்கை என்றால் விருப்பப்பட்டுப் போடுவது. இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ் தம் சட்டத்தொகுப்பில் எழுதுவதைப் பாருங்கள்: பிச்சையெடுத்துப் பிழைப்பவன்கூட கடன் வாங்கியோ, மேல்துணியை விற்றோ அரைச்சேக்கலைக் கொடுத்தாக வேண்டும், அதுவும் ஒரே தடவையில். முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, ஏழையின் சட்டையை உருவுவதா என்று. பிறகு யோசித்தால், அவனை விட்டுவிடுவதுதான் பெரிய கொடுமை என்று தோன்றியது. எண்ணிக்கையில் அவன் இல்லை என்று ஆகிவிடும் அல்லவா?

இங்கே நம்ம ஊர்ச் சொல் ஒன்று கிட்டத்தட்டப் பொருந்துகிறது: தலைக்கட்டு வரி. ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று எல்லார் வீட்டிலும் ஒரே தொகை. பெரிய கைக்காரர் மண்டகப்படி எடுக்கலாம், தேருக்கு வடம் வாங்கித் தரலாம், அது தனி. வரி கொடுத்தவன் ஊர்க்காரன். அதனால்தான் சில ஊர்களில் ஒரு பகுதியாரிடம் வரி வாங்க மறுப்பதே அவர்களை ஒதுக்கிவைக்கும் வழியாக இருந்திருக்கிறது. யூதர்களின் பழைய சட்டநூலான மிஷ்னாவில் 'ஷெக்காலிம்' என்ற பகுதியும் இந்த எல்லைக்கோட்டைத்தான் பேசுகிறது. பெண்களிடமும் அடிமைகளிடமும் சிறுவர்களிடமும் கட்டாயப்படுத்திக் கேட்பதில்லை, அவர்களாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். பிற இனத்தாரும் சமாரியரும் கொடுத்தால் வாங்கக் கூடாது. சேர்ப்பதும் விலக்குவதும் ஒரே காசில்தான் நடக்கிறது.

ஆனால் தலைக்கட்டு என்பது நம்மிடம் குடும்பக் கணக்கு, அங்கே ஆள் கணக்கு. ஆகவே 'கட்டு' வேண்டாம், 'தலை'யை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன். அதற்கு மூலத்திலேயே ஆதாரம் இருக்கிறது. 'எண்ணும்போது' என்று நாம் படிக்கும் இடத்தில் எபிரேயம் 'தலையை உயர்த்தும்போது' என்கிறது. 38-ஆம் அதிகாரத்தில் 'குல்கோலெத்துக்கு ஒரு பெக்கா' என்று வருகிறது. குல்கோலெத் என்றால் மண்டையோடு, இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதாவும் அதே வேர்தான். பெக்கா என்றால் பிளந்தது, பாக்குப் பிளவு என்கிறோமே, அந்தப் பிளவு.

என் பரிந்துரை: தலைக்காசு.

'தலைவரி' வேண்டாம் என்பதற்கு வலுவான காரணம் ஒன்று. கி.பி. 70-இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்தார்கள். பேரரசர் வெஸ்பாசியன் யூதர்கள்மீது ஆண்டுக்கு இரண்டு திராக்மா விதித்தார். அவர்கள் ஆலயத்துக்குக் கொடுத்துவந்த அதே தொகை, இப்போது ரோமின் ஜுபிட்டர் கோயிலுக்கு. பெண்களும் பிள்ளைகளும்கூட கட்ட வேண்டியிருந்தது. தொகையில் மாற்றமில்லை, கொடுப்பவனின் தலை மட்டும் நிமிர்வதற்குப் பதில் குனிந்தது. அதற்குத்தான் 'யூதத் தலைவரி' என்ற பெயர் பொருந்தும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் வரலாறு படிக்கும் மாணவன் குழம்பிப்போவான்.

> தலைக்காசு சரி, ஆனால் 'அரை' எங்கே போயிற்று? உரைகாரர்கள் தொங்குவதே அதில்தானே?

நியாயமான கேள்வி. ஏன் முழுசாகக் கேட்காமல் பாதி என்பதற்கு, ஒருவன் தனியே முழுமையல்ல, இன்னொருவனோடு சேர்ந்தால்தான் ஒரு சேக்கல் என்பது பரவலான விளக்கம். பாதி என்று பொருள்படும் 'மஹட்சித்' என்ற எபிரேயச் சொல்லின் எழுத்துகளையும் பிரித்துப் பார்ப்பார்கள்: நடு எழுத்து அறத்தைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து, அதை ஒட்டிய இரண்டும் சேர்ந்தால் 'உயிர்', ஓரத்து இரண்டும் சேர்ந்தால் 'மரணம்'. அறத்துக்குப் பக்கத்தில் இருப்பது உயிர், தள்ளி நிற்பது சாவு. எனக்கு இதைவிடப் பிடித்தது, 'கொடுப்பார்கள்' என்ற எபிரேயச் சொல் எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் என்று அவர்கள் காட்டுவது. மாலைமாற்று! கொடுத்தது திரும்பி வரும் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

'அரைக்காசு' என்று போட்டுப் பார்த்தேன். புதுக்கோட்டைக்காரர்கள் அரைக்காசு அம்மனை நினைப்பார்கள், மற்றவர்கள் மதிப்பில்லாதது என்று நினைப்பார்கள். ஆகவே தொகைக்கும் நாணயத்துக்கும் 'அரைச்சேக்கல்' இருக்கட்டும், அந்த வழக்கத்துக்குத் 'தலைக்காசு'. உரையில் இரண்டும் அடுத்தடுத்து வரும்போது பாதி என்ற பொருள் தொலையாது.

அடுத்தது, 'கல்போன்' பற்றி யாரும் பேசவே இல்லை. பிந்தைய ஆலயக் காலத்தில் தரமான வெள்ளி என்று தீரு நகரத்து நாணயத்தைத்தான் கேட்டார்கள். அதனால் யூத நாட்காட்டியின் அதார் மாதம் (அட்டை அல்ல, மாதம்) 15-ஆம் தேதி வெளியூர்களிலும் 25-ஆம் தேதி ஆலயத்திலும் காசுக்காரர்கள் பலகை போட்டு உட்கார்ந்தார்கள். நற்செய்தியில் இயேசு கவிழ்த்த பலகைகள் இவர்கள் வகையறாதான். நாணயம் மாற்றும் வித்தியாசத்தை ஈடுகட்டத் தரும் சிறு தொகைதான் கல்போன். இதற்கு 'மாற்றுக்கட்டணம்' என்று புதிதாக உருட்ட வேண்டியதில்லை. திருவீழிமிழலையில் சம்பந்தர் 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று கேட்டாரே, அந்த வாசியேதான் இது. ஏழைக்காகவோ பக்கத்து வீட்டுக்காரனுக்காகவோ தானமாகக் கட்டுகிறவனுக்கு வாசி இல்லை, கடனாகக் கொடுத்தால் வாசி உண்டு என்கிறது மிஷ்னா. தமிழில் எவ்வளவு இயல்பாக உட்காருகிறது பாருங்கள்.

இன்றைய வழக்கத்துக்குத் தனிச் சொல் கட்டாயம் வேண்டும். பூரிம் பண்டிகைக்கு எஸ்தர் சுருளைப் படிக்கும் முன்பு பல யூதர்கள் அரை மதிப்புள்ள நாணயங்கள் மூன்றைக் கொடுக்கிறார்கள். யாத்திராகமத்தின் அந்தப் பகுதியில் 'தெருமா' மூன்று முறை வருவதால் மூன்று. அமெரிக்காவில் அரை டாலர் காசுகள், பிறகு அது ஏழைகளுக்குப் போகும். ஆனால் அதை அரைச்சேக்கல் என்று சொல்லாமல் 'அதன் நினைவாக' என்றே சொல்வார்கள். ஆலயம் இல்லாத காலத்தில் அப்படிப் பேர் சொல்லிவிட்டால், காசு ஆலயச் சொத்தாகிவிடும் என்ற எச்சரிக்கை. எனவே நினைவுக்காசு.

இன்னும் ஒன்று மட்டும் பாக்கி. ஆலயம் இருந்த காலத்தில் ஆண்டுக்கு மூன்று முறை, பெரும் பண்டிகைகளை ஒட்டி, சேர்ந்த காசு இருக்கும் அறையிலிருந்து மூன்று கூடைகளில் எடுப்பார்கள். உள்ளே போகிறவர் மடிப்பு வைத்துத் தைத்த ஆடையோ செருப்போ அணியக் கூடாது. நாளைக்கு அவர் பணக்காரர் ஆனால் 'அறையில் எடுத்ததில்தான்' என்று ஊர் பேசிவிடும் அல்லவா? இதற்கு 'உண்டியல் திறப்பு' என்று எழுதி, அடித்துவிட்டேன். அங்கே திறப்பதல்ல, அள்ளி எடுப்பதுதான் சடங்கு. 'அறையெடுப்பு' என்று குறித்து வைத்திருக்கிறேன், திருப்தியில்லை. நல்லது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்