டெர்மினல் அட்டவணை: நிறம் கொடுத்தால் கோணல், தமிழ் வந்தால் இன்னும் கோணல்

கேள்வி
பைத்தான் நிரல் டெர்மினலில் (கட்டளைத் திரையில்) காட்டும் அட்டவணையில் பெயர், நிலை, அளவு என மூன்று நெடுவரிசை. எஃப்-ஸ்ட்ரிங்கில் (மதிப்புகளை உள்ளே பொருத்தும் பைத்தான் சரம்) அகலம் 12 கொடுத்து நிரப்புகிறேன். நிலைக்குச் சிவப்பு, பச்சை சேர்த்ததும் அந்த வரிகளில் மட்டும் வலப்பக்கக் கோடு உள்ளே நகர்ந்துவிடுகிறது. பெயர் தமிழில் இருந்தால் கோடு வரிக்கு வரி வேறு இடத்தில் நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1
இரண்டும் வெவ்வேறு சிக்கல். நிறத்தை முதலில் பார்ப்போம். சிவப்பைத் தொடங்கும் குறி எஸ்கேப் (டெர்மினலுக்கான கட்டளையைத் தொடங்கும் குறி), [, 3, 1, சின்ன எம் என 5 எழுத்துக்குறி, நிறத்தை நிறுத்தும் குறி 4. திரையில் எதுவும் தெரியாது, ஆனால் எஃப்-ஸ்ட்ரிங் அந்த 9-ஐயும் நீளத்தில் சேர்த்து, அந்த அளவுக்கு இடைவெளியைக் குறைத்துவிடும். ஆகவே வெறும் சொல்லை முதலில் 12-க்கு நிரப்புங்கள். நிறக் குறிகளை அதற்குப் பிறகு இருபுறமும் ஒட்டுங்கள். அகலத்தை 21 ஆக்கிச் சமாளிக்க வேண்டாம், நிறமில்லாத முதல் வரியிலேயே காலை வாரிவிடும்.

அடிக்கோடோ பின்னணி நிறமோ இருந்தால் அது நிரப்பிய இடைவெளிக்கும் பரவும். அங்கே மட்டும் இடைவெளியைக் கணக்கிட்டு, நிறத்தை நிறுத்தும் குறிக்குப் பின்னால் சேருங்கள்.

பதில் 2
தமிழுக்கு ‘நாள்’ என்ற சொல்லே போதும். கண்ணுக்கு 2 எழுத்து. பைத்தானுக்கு 4: ந, துணைக்கால், ள, புள்ளி. பல டெர்மினல்கள் புள்ளிக்கு இடம் தராமல் துணைக்காலுக்கு ஒரு கட்டம் தருவதால் 3. அகலம் கணக்கிடும் நூலகங்கள் உண்டு. அவை சொல்லும் எண்ணும் உங்கள் டெர்மினல் எடுக்கும் இடமும் ஒத்துப்போனால்தான் பயன்.

எண்ணுவதையே விட்டுவிடலாம். ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் எஸ்கேப், [, நெடுவரிசை எண், பெரிய ஜி அனுப்புங்கள். முந்தைய சொல் எவ்வளவு இடம் பிடித்திருந்தாலும் கர்சர் நேராக அந்தக் கட்டத்துக்குப் போகும். எண்ணிக்கை 1-இல் தொடங்கும். நீளமான சொல்லின் மேலேயே அடுத்தது எழுதப்படும் என்பதால் முன்கூட்டியே வெட்ட வேண்டும். குறியீட்டுப் புள்ளிகளை (பைத்தான் தனித்தனியாக எண்ணும் ந, துணைக்கால் போன்ற உறுப்புகளை) எண்ணி வெட்டினால் ‘கொ’ என்பது ‘க’ ஆகிவிடும். பைத்தானுக்குத் தனியாக நிறுவும் ரீஜெக்ஸ் தொகுப்பில் பின்சாய்வுக் கோடும் பெரிய எக்ஸும் முழு எழுத்தாகப் பிடித்துத் தரும்.

கேட்டவர்
நிறம் சரியாகிவிட்டது, நன்றி. வெளியீட்டைக் கோப்பில் சேமித்தாலும் ஜி வேலை செய்யுமா?

பதில் 3
செய்யாது, குப்பையாகப் பதியும். கோப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ்ஸில் பெரிய ஆர் விருப்பம் கொடுத்தாலும் நிறக் குறிகளுக்குத்தான் அனுமதி, ஜிக்கு இல்லை. ஸ்டிடிஅவுட்டில் (நிரலின் வெளியீட்டு வழி) ஐசாட்டி (அது டெர்மினல்தானா என்று பார்க்கும் சோதனை) ‘பொய்’ என்று வந்தால் நிறம், கோடு, ஜி மூன்றையும் விட்டுவிட்டு டேப் வைத்துப் பிரித்து எழுதுங்கள். நோ_கலர் சூழல் மாறிக்கு ஏதாவது மதிப்பு இருந்தால் திரையிலும் நிறம் வேண்டாம்.

இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றினால், தமிழ்ப் பெயரைக் கடைசி நெடுவரிசையாக்கி வலப்பக்கக் கோட்டை எடுத்துவிடுங்கள். அதற்குப் பின்னால் எதுவும் இல்லாததால் அகலம் எவ்வளவு என்ற கேள்வியே வராது.